கால்மிதிக்கு ஏற்ற இடம்

பத்மாசனி அக்காவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. எந்தக் கண்காட்சிக்கு யார் போவது, யாருடைய சாமான் மேசையில் இருப்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். நாடா வெட்டி, விளக்கு ஏற்றி, படம் எடுத்தால் அவருக்கு அது நல்ல கண்காட்சி. சாமான் வாங்க ஆள் வருமா என்ற கவலை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நான் தைப்பது கால்மிதி. பழைய சீலையைக் கிழித்து, பின்னி, வட்டமாகத் தைப்பேன். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், கழுவிப் போட்டால் கெதியில் காயும். காலில் சேறு உள்ளவன்தான் அதை வாங்குவான். பத்மாசனி அக்காவோ என்னை வவுனியாவில் ஏசி போட்ட மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வந்ததெல்லாம் வாகனத்தில் இறங்கி வாகனத்தில் ஏறுகிற ஆட்கள். இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் மூட்டை கட்டினபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இந்த ஐப்பசியில் கிளிநொச்சிக் கண்காட்சியும் உருத்திரபுரத்தில் எங்கள் கோயில் சூரன்போர்த் திருவிழாவும் ஒரே நாளில் வந்தன. நான் தலைவியின் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“அக்கா, நான் கோயிலடியில கடை போடுறன். மழை நாள். சூரன்போருக்கு வாற சனம் முழுக்கச் சேத்துக்காலோடதான் வீட்டை போகும்.”

“கச்சான் கடலை விக்கிற இடத்தில கொண்டுபோய்க் குழுவின்ர பேரை வைக்கப் போறியோ? நீ கிளிநொச்சிக்கு வாறாய். இந்த முறையும் விக்காமல் திருப்பிக் கொண்டு வந்தியெண்டால் மெஷினை ஜெயரூபிக்குக் குடுத்திடுவன்.”

ஜெயரூபி குழுவில் அவருக்குப் பிடித்தவள். தையல் மெஷின் குழுவுடையது. அது போனால் என் பிழைப்பும் போகும். கிளிநொச்சிக்கே மூட்டையைக் கட்டினேன்.

கிளிநொச்சி மண்டபத்தில் நான் மேசையில் அடுக்க அடுக்க, அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்குக் கீழே தள்ளினார்.

“பிரதம விருந்தினர் வாற நேரம், கால் துடைக்கிற சாமானை அவரின்ர முகத்துக்கு நேரே வைப்பினமே? மரியாதை தெரியாதோ உனக்கு?”

என் இடத்தில் ஜெயரூபியின் காகிதப் பூக்கள் ஏறின. நான் காலடியில் மூட்டையோடு கதிரையில் இருந்தேன். கோயிலடியில் இந்நேரம் கடைக்காரர் கூடாரம் அடித்திருப்பார்கள். அதை நினைக்க நினைக்க அந்தப் பூக்களைப் பிய்த்தெறிய வேண்டும் போல இருந்தது.

விருந்தினர் வருவதற்குக் கொஞ்சம் முன் மழை பிடித்தது. முற்றம் சேறாகிவிட்டது. மண்டபத் தரையோ புதிதாகப் பதித்த வெள்ளை மாபிள். வாகனம் வந்து நின்றதும் பத்மாசனி அக்காவின் முகம் வெளிறியது. ஓடி வந்தார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மூட்டையை இழுத்து அவிழ்த்து, வாசற்படியிலிருந்து குத்துவிளக்கு வரை என் கால்மிதிகளை விரித்துக்கொண்டே போனார். ஒன்றைக்கூட மிச்சம் விடவில்லை. விருந்தினர் மிதித்து வந்தார். பின்னால் வந்த அலுவலர்களும் படம் எடுக்கிறவர்களும் மிதித்தார்கள்.

“அக்கா, இதுகளை இனி ஆர் வாங்குவினம்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அலட்டாமல் இரு. வீட்டை கொண்டுபோய்க் கழுவி வை. மெஷின் கதையை நாளைக்குக் கதைப்பம்.”

அந்த ‘நாளைக்கு’ என்ற சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. என் உழைப்பை மிதிக்கக் கொடுத்துவிட்டு, விற்கவில்லை என்று மெஷினையும் தூக்கப் போகிறார்.

விருந்தினர் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் மேசைக்கு வந்தார். காகிதப் பூக்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கீழே குனிந்தார்.

“இந்தக் கால்மிதி நல்லாயிருக்கு. எங்க வாங்கினது?”

பத்மாசனி அக்கா வாயைத் திறக்குமுன் நான் எழும்பினேன்.

“நான் தைச்சது, ஐயா. முழுவதையும் அக்காதான் வாங்கினவா. ஐயா வாற நிலத்தில சேறு படக்கூடாதெண்டு ஒண்டும் விடாமல் வாங்கி விரிச்சவா.”

“அப்பிடியோ? தலைவியெண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்,” என்று அவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அக்காவைப் படம் எடுத்தார்கள்.

“ஓம் சேர்,” என்றார் அக்கா. பல் மட்டும்தான் சிரித்தது.

விருந்தினர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் என் கையைப் பிடித்து நெரித்தார்.

“குழுக் காசில இருந்து தந்து துலைக்கிறன். மெஷினையும் நீயே வச்சுக் கட்டி அழு. ஆனால் இனி என்ர கண்காட்சி ஒண்டுக்கும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்.”

கையை உதறி எடுத்தேன்.

“அதைத்தானே அக்கா முதலே கேட்டனான்.”