வெடிச்சத்தம் இல்லாத உலக வரலாறு

"வெடிச்சத்தமே இல்லாத உலக வரலாறு இருக்கா அண்ணாச்சி?"

சிவகாசி பஜாரில் முப்பது வருஷமாகப் பாடப்புத்தகம் விற்கும் அய்யாதுரையிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டவளைப் பார்த்தார்.

"எந்தப் பாடத்திட்டம்னு சொல்லுத்தா. கவர்மெண்டா, மெட்ரிகுலேஷனா?"

"எதுன்னாலும் சரி. வீட்ல வச்சுச் சொல்லிக்குடுக்கப் போறேன். போரு, குண்டு, பீரங்கி இருக்கக் கூடாது."

"அதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் அட்டைதான் இருக்கும்" என்று சிரித்தார். எதிரே நின்ற வேல்விழி சிரிக்காததைப் பார்த்ததும், அவள் முனியராஜின் பெஞ்சாதி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. நான்கு புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறை வெடித்து முனியராஜ் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. 2007-ஆம் வருஷ சீசனுக்கு அவசர லோடு. அன்றிலிருந்து மகள் செல்வலட்சுமி பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாவது படிக்கிற பிள்ளை, எங்கேயாவது சரவெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிடும். கணக்கு, அறிவியல் எதையும் தொடுவதில்லை. போன வாரம்தான் தானாக வாய் திறந்து, "வரலாறு மட்டும் படிக்கேன்மா, வீட்லயே" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மாக்காரி கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். பரீட்சை கிடக்கட்டும், பிள்ளை பழையபடி புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும்.

முதல் புத்தகத்தில் மூன்றாம் பாடத்திலேயே சீனாக்காரன் வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவதின் அட்டையிலேயே பீரங்கி. மூன்றாவதில் பக்கத்துக்குப் பக்கம் சண்டை. அத்தனை ராஜாக்களுக்கும் வேறு பிழைப்பே கிடையாதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. நான்காவது, அவள் வேலை பார்க்கும் அச்சகத்திலேயே பைண்டிங் ஆனது. அதிலும் வெடி இருந்தது. ஆனால் மூன்று ஃபாரங்களில்தான் இருந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஃபாரம் ஃபாரமாக அடுக்கித் தைத்துத்தான் புத்தகமாகிறது. வைத்துத் தைக்கத் தெரிந்தவளுக்கு உருவவும் தெரியும். பாடத்தைப் பார்த்துப் புத்தகம் வாங்குகிறவர்கள் உண்டு, தையலைப் பார்த்து வாங்கியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தையலைப் பிரித்தாள். வெடிமருந்தும் இரண்டு உலகப் போர்களும் இருந்த மூன்று ஃபாரங்களை உருவிக் கழிவுக் காகித மூட்டைக்குள் திணித்தாள். பாதியில் நின்ற வரிகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினாள். பக்க எண் தாண்டித் தாண்டி ஓடுவது கண்ணில் படுமே என்று கட்டிங் மெஷின் சீனிச்சாமியிடம் போனாள்.

"அடியில அரை இஞ்ச் நறுக்கித் தாங்க அண்ணாச்சி."

"ஏத்தா, பக்க நம்பரெல்லாம் போயிருமே?"

"போகட்டும்."

அவர் நறுக்கிக் கொடுத்தார்.

செல்வலட்சுமி படித்தாள். ஆறு மணி பஸ்ஸில் வேல்விழி வந்து இறங்கும்போது வாசலிலேயே நின்று, "அம்மா, எகிப்துல பூனையக் கும்பிடுவாகளாம்!" என்பாள். நதி, நாகரிகம், கப்பல், அச்சு இயந்திரம், நீராவி ரயில். இரண்டு மாதத்தில் பிள்ளை முகத்தில் ரத்தம் ஊறியது. வேல்விழி இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செல்வலட்சுமி புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"முழுசும் படிச்சிட்டேன்மா."

"எப்படித் தாயி இருக்கு?"

"நல்லாருக்கு. எம்புட்டு நாடு! ஒரு நாட்லகூட யாரும் வெடிச்சுச் சாகலைம்மா."

வேல்விழி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"அதைப் பாக்கத்தான் படிச்சேன்" என்றாள் மகள். குரலில் அழுகை இல்லை. "அங்கயும் இப்படி நடந்திருந்தா, இது யாருக்கும் நடக்கதுதான்னு நெனச்சுக்கிடலாம்னு இருந்தேன். நடக்கல. அப்போ என்னாலதான். பள்ளிக்கூட டூருக்குப் போகணும்னு நாந்தான அழுதேன். அந்தத் துட்டுக்குத்தான அப்பா ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போச்சு."

ஒன்பது மாதமாக இந்தப் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தது என்று அப்போதுதான் பெற்றவளுக்கு விளங்கியது. பயம் என்றல்லவா நினைத்தாள். ஊரே அப்படித்தானே சொன்னது.

"இல்ல தாயி! ரெண்டு உலகப் போரு நடந்திருக்கு. கோடிக்கணக்குல செத்திருக்காக. ஜப்பான்ல ஒரே குண்டுல ஊரே போச்சு. எம்புட்டோ பிள்ளைகளுக்கு அப்பா இல்லாமப் போச்சு. அவுகல்லாம் என்ன தப்புச் செஞ்சாக?"

"புஸ்தகத்துல இல்லையேம்மா."

"நாந்தான் எடுத்தேன். நீ பயந்துருவேன்னு தையலப் பிரிச்சு நாந்தான் உருவுனேன்."

செல்வலட்சுமி புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது. பைண்டிங்கில் பதினைந்து வருஷம் பழகிய அம்மாவின் கை அது.

"நாளைக்கே அய்யாதுரை கடையில வேற புஸ்தகம் வாங்கியாரேன். நீயே படிச்சுப் பாரு. எல்லாம் அதுல இருக்கும்" என்று மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள் வேல்விழி. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

மகள் தன் பாவாடை நுனியால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அதுல இருக்கும்மா. எனக்காக நடக்காததக்கூட நீ வச்சுத் தைப்ப."