தீர்த்தத் தொட்டியில் குடியேறியவர்கள்

கோயில் சிஸ்டருக்குத் தவளை என்றாலே ஆகாது. பாம்பைக் கண்டால்கூட நின்று பார்ப்பார்; தவளையைக் கண்டால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், தன் பொறுப்பில் இருந்த கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தைத் திறந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளத் தீர்த்தத் தொட்டியில் விரலை விட்டபோது, உள்ளேயிருந்து ஏதோ ஒன்று விரலைத் தள்ளிவிட்டது.

அவர் போட்ட அலறலில் மடமே திரண்டு வந்தது. மடம் என்றால் இன்னும் மூன்று பேர்தான். தொட்டிக்குள் கழுத்தளவு தீர்த்தத்தில் ஒரு தவளை, வாடகை கொடுத்த தோரணையில் உட்கார்ந்திருந்தது.

"எடுத்து வெளிய போடுங்க, யாராவது!"

மண்புழு சிஸ்டர் குனிந்து பார்த்தார். தோட்டமும் எருக்குழியும் அவர் பொறுப்பு. "பாவம், தோலெல்லாம் காஞ்சு போயிருக்கு. பின்னாடி குளத்துல லாரி லாரியா மண்ணு கொட்டுறாங்கல்ல, அங்கிருந்துதான் வந்திருக்கு."

நியாய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார். எந்த ஊர்வலம் நடந்தாலும் முதல் வரிசையில் நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர். "அப்ப இது அகதி. வீடு போய் வந்தவங்கள வாசல்ல நிக்கவெச்சுத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை கிடையாது."

"அது வாசல்ல நிக்கல சிஸ்டர். தீர்த்தத்துல உக்காந்திருக்கு!"

இருவரும் மடத்துத் தலைவியான மதரைப் பார்த்தார்கள். மதர் எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒருவருக்கும் பிடிக்காத தீர்ப்பாகச் சொல்பவர். "விருந்தாளி இருக்கட்டும். தீர்த்தத்த டம்ளர்ல வெச்சுக்கலாம். தொட்டித் தண்ணிய தினமும் கோயில் சிஸ்டர் மாத்தட்டும்."

தவளைகளுக்குள் செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. பகலெல்லாம் குளத்தில் மண் விழும். பொழுது சாயும்போது குடும்பம் குடும்பமாகச் சிற்றாலயத்துக்கு வந்து சேரும். பூச்சாடி நிறைந்தது. முழந்தாள் பலகைக்கு அடியில் இடமில்லை. ஆர்மோனியத்தைத் திறந்தால் இசைக்குப் பதில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாலைச் செபத்தில் ஒரு பக்கத்து வரிசை ஓரடி சொல்ல, எதிர்ப்பக்கம் மறு அடி சொல்ல வேண்டும். இருக்கிற நாலு பேரும் இந்தப் பக்கத்து அடியைச் சொல்லி மூச்சு விடும்போது, எதிர் பெஞ்சுகளிலிருந்து தவளைகள் பதில் சொல்லத் தொடங்கின. முந்தவில்லை, இழுக்கவில்லை. இந்த மடத்தில் யாராவது செபத்தை இழுக்காமல் சொல்ல மாட்டார்களா என்று பல வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவர் கோயில் சிஸ்டர். இப்போது அது நடந்துவிட்டதில் அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தச் சமயத்தில்தான் குளத்து வேலியில் ஒரு அறிவிப்பு தொங்கியது. கட்டடம் கட்டுவது பற்றி விசாரணை நடக்கும். பாதிக்கப்படுவோர் நேரில் வந்து தங்கள் ஆட்சேபத்தைத் தாமே சொல்ல வேண்டும். பிறர் சார்பில் பேச அனுமதி இல்லை.

"நாம போய்ப் பேசினா செல்லாது" என்றார் நியாய சிஸ்டர். "பாதிக்கப்பட்டவங்களையே கூட்டிட்டுப் போகணும்."

ஆளுக்கொரு வாளி என்று மதர் சொல்லிவிட்டார். துறவறம் ஏற்றுக் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த நாளில் தவளை வாளியைப் பற்றி யாரும் கோயில் சிஸ்டரிடம் மூச்சு விட்டிருக்கவில்லை. ஈரச் சாக்கு போட்டு மூடிய வாளியை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் விசாரணை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார்.

விசாரணை அதிகாரி விதி என்றால் உயிரை விடுபவர். நியாய சிஸ்டர் சாக்கை விலக்கியதும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"குளத்துல குடியிருந்தவங்களா?"

"தலைமுறை தலைமுறையா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"மடத்துத் தீர்த்தத் தொட்டியில."

குளத்தை வாங்கியிருந்த கட்டட முதலாளி துள்ளி எழுந்தார். "சார், இதெல்லாம் தவளை சார்!"

"எனக்கும் கண்ணு இருக்குங்க. பாதிக்கப்பட்டவங்க மனுஷங்களா இருக்கணும்னு விதியில எங்கயும் சொல்லல. ஆனா ஆட்சேபத்த வாய் திறந்து சொல்லணும்னு இருக்கு. சொல்லச் சொல்லுங்க."

வாளிகளில் சத்தமே இல்லை. மண்புழு சிஸ்டர் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். நியாய சிஸ்டர் வாளியைத் தட்டி, "பயப்படாம பேசுங்க" என்றார். ஊஹும்.

"ஆட்சேபம் இல்லைன்னு முடிச்சிடலாமா?" என்று அதிகாரி பேனாவை எடுத்தார். முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கோயில் சிஸ்டர் கணக்குப் போட்டார். குளம் போய்விட்டால் இந்தக் கூட்டம் எங்கே போகும்? சிற்றாலயத்துக்குத்தான். அதுவும் காலம் முழுக்க! அவர் சட்டென்று எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு மாலைச் செபத்தின் முதல் அடியைச் சொன்னார்.

வாளிகள் அதிர்ந்தன. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. இரண்டாவது அடியைச் சொன்னார். இன்னும் பலமாகப் பதில் வந்தது. செபம் முழுவதும் முடிந்து கோயில் சிஸ்டர் உட்கார்ந்தும்விட்டார். தவளைகள் முடிக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்க சார்!" என்று முதலாளி காதைப் பொத்தினார்.

"பேசுறவங்க தானா முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது. அதுவும் விதி" என்று அதிகாரியும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகம் மூடும் நேரம் வந்ததும் விசாரணையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். விசாரணை முடியும்வரை ஒரு லாரியும் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

மறுநாளும் தவளைகள் பேசின. அதற்கடுத்த வாரமும் பேசின. முதலாளி குறுக்கு விசாரணைக்கு ஒரு வக்கீலைக் கூட்டிவந்தார். வக்கீல் ஒரு கேள்வி கேட்டால் வாளிகளிலிருந்து நூறு பதில் வந்தது. வந்த மூன்றாம் நாளே அவருக்குத் தொண்டை கட்டி, சைகையில் விடைபெற்றுப் போனார். இப்படியே இழுத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டிய மண்ணையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போக, குளம் கரை தொட நிறைந்தது. முதலாளி, "என்னை விட்டா போதும்" என்று வேறு ஊரில் பாறை நிலமாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தவளைகள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன. கோயில் சிஸ்டர் இரண்டு நாள் முழுக்கச் சிற்றாலயத்தைத் தரை தேயத் தேயக் கழுவினார். தொட்டியில் புதுத் தீர்த்தம் ஊற்றினார். மாலைச் செபத்தின் முதல் அடியைச் சொல்லிவிட்டு, பழக்கத்தில், பதிலுக்காக நிறுத்தினார். எதிர் பெஞ்சு சும்மா கிடந்தது. அவருக்கு அழுகை வந்ததைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

கதவு திறந்தது. குடையை உதறியபடி விசாரணை அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், திரும்பவும் விசாரணையா?" என்றார் மதர்.

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு மதர்" என்று அவர் தயங்கினார். "ஆபீஸ் ரொம்ப வெறிச்சோடிப் போச்சு. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனாலும் இந்த நேரத்துக்கு என்னமோ மாதிரி இருக்கு. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கட்டுமா?"

மதர் கோயில் சிஸ்டரைப் பார்த்தார். கோயில் சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு செபப் புத்தகத்தை விரித்து எதிர் பெஞ்சில் வைத்தார். அதிகாரிக்குக் குரல் சுமார்தான். ஆனால் பதில் அடியைத் தவளைகள் மாதிரியே அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.