நடை வேகம்

மலர்க்கொடி கார்புரேட்டரைப் பெட்ரோலில் அலசிக்கொண்டிருந்தாள். கீழப்பழுவூர் பட்டறையில் எட்டு வருஷமாக அவளுக்குக் கழுவும் வேலைதான். இந்தப் பழைய அம்பாசிடரை மட்டும் பட்டறைக்காரர் வீரமணி அவளிடம் விட்டிருந்தார்.

"இத நீ சரி பண்ணிட்டா அடுத்த மாசத்துலேருந்து நீயும் மெக்கானிக்கு."

வண்டி லாரி முதலாளி அமல்தாஸுடையது. கோயம்புத்தூரில் யாரோ இரட்டைக் கார்புரேட்டரும் பருத்த சைலன்சர் குழாயும் மாட்டியிருந்தார்கள். ஹைவேயில் பறக்கும். மெல்ல நகர்த்தினால் இருமி நின்றுவிடும். சனிக்கிழமை அவர் மகள் கல்யாணம். வரதராஜன்பேட்டை மாதா கோயிலிலிருந்து மண்டபம் வரை பேண்ட் செட்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் போகவேண்டும்.

இரண்டை எடுத்துவிட்டு ஒரே ஒரு சின்னக் கார்புரேட்டர் வைத்தாள். குழாயை மாற்றி ஒல்லியானதை மாட்டினாள். இக்னிஷன் டைமிங்கை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கழுவிய சாமானை இன்னொருவர் கையில் கொடுக்காமல் தானே மாட்டுவது இதுதான் முதல் தடவை.

ஏரிக்கரை மேட்டில் வீரமணி ஓட்ட, அவள் கூடவே நடந்தாள். வண்டி அவளை முந்தவில்லை. நிற்கவுமில்லை.

"அடி சக்கை!" என்றார் வீரமணி.

மறுநாள் அமல்தாஸ் சாவியைத் திருப்பியவுடன் முகம் சுளித்தார். "ஏன்யா, சத்தம் எங்க?"

"நல்லா இழுக்குதுங்க சார்" என்றார் வீரமணி.

"இழுக்கறதுக்கு நான் என்ன மாடா வாங்கினேன்? நாலு பேரு திரும்பிப் பாக்க வேணாமா? யாரு கை வச்சது?"

வீரமணி தரையைப் பார்த்தார். "நம்ம பொண்ணுதாங்க. தெரியாம பண்ணிடுச்சு."

"கொழாய மட்டும் மாத்தித் தரேன் சார்" என்றாள் மலர்க்கொடி. "கார்புரேட்டர் இருக்கட்டும். பழசப் போட்டா ஊர்வலத்துல நின்னுடும்."

"ஒண்ணு விடாம பழையபடி மாட்டு. போ."

மாட்டினாள். மெக்கானிக் பேச்சை வீரமணி அப்புறம் எடுக்கவேயில்லை. சனிக்கிழமை மட்டும், "கூடப் போயிட்டு வா, வழியில எதாச்சும்னா பாத்துக்க" என்றார்.

கோயில் வாசலில் வண்டி உறுமியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் மூன்று தடவை நின்றது. மூன்றாம் தடவை பேட்டரியும் படுத்துவிட்டது. பேண்ட் செட் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கக் கூடாது என்றார் அமல்தாஸ்.

இரண்டு லாரி டிரைவர்களோடு மலர்க்கொடியும் டிக்கியில் கை வைத்துத் தள்ளினாள். வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. முன் சீட்டிலிருந்து அமல்தாஸ் தலையை நீட்டினார்.

"ஏம்மா, குனிஞ்சு தள்ளு. போட்டோவுல விழற."

அவள் வண்டியில் தொங்கிய பூச்சரங்களுக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டு தள்ளினாள்.