பதினாலாம் நம்பர்

எனக்குக் கோபம் வந்தா கை சும்மா இருக்காது. பந்தைத் தரையில தட்டிக்கிட்டே இருப்பேன். அன்னைக்கு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக் கையும் ஓடல, காலும் ஓடல.

மாலைதீவுல ஒரு பாஸ்கட்போல் கிளப். ரெண்டு வருஷம் சம்பளத்துக்கு ஆட என்னைக் கேட்டிருந்தாங்க. திங்கட்கிழமை கையெழுத்து. குண்டசாலையில எங்க தெருவுல எவனும் விளையாடிச் சம்பளம் வாங்குனதில்ல. அதுக்கு முன்னாடி மெடிக்கல் எடுக்கணும்னு எங்க டீம் மேனேஜர் ரஸீன் நானா என்னைக் கண்டியில ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு.

டாக்டரம்மா முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. திரும்பவும் பாத்தாங்க.

"வயசு எத்தனைன்னு சொன்னீங்க?"

"பத்தொம்பது."

"இல்லையே. இது பதினாறு, பதினேழு வயசுப் பையனோட எலும்பு. இன்னும் வளருது."

ரஸீன் நானா சிரிச்சாரு. "எல்லாவனும் வயசைக் குறைச்சுக்கிட்டுத்தான் வருவான். நீ என்னடா கூட்டிக்கிட்டு வந்திருக்க?" நானும் சிரிச்சேன். அப்புறம் அவரு சிரிப்பை நிறுத்திட்டாரு. "பதினெட்டு ஆகாதவனை கிளப் எடுக்காது சுமன். வீட்டுல போய் விசாரி."

அம்மா அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. "எக்ஸ்ரே பொய்யா, என் பேர்த் சர்டிபிகேட் பொய்யா?"ன்னு கேட்டேன். வாசல்லயே கத்திட்டேன்னு நினைக்கிறேன். அம்மா சட்டியை இறக்கி வச்சிட்டு அப்படியே ஒக்காந்துருச்சு.

"ரெண்டும் பொய்யில்லய்யா. சர்டிபிகேட் உங்கண்ணனோடது."

"எந்த அண்ணன்?" நான் ஒத்தைப் பிள்ளை.

"உனக்கு முன்னாடி பொறந்தவன். அவன் பேரும் சுமன்தான். ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அஞ்சு மாசத்துல நீ பொறந்த, ஆஸ்பத்திரிக்குப் போகாம தோட்டத்து லயத்து வீட்டுலயே. அதே மூக்கு, காதுகிட்ட அதே மச்சம். அவனே திரும்பி வந்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. திரும்பி வந்தவனுக்கு எதுக்கு இன்னொரு பதிவுன்னு உங்கப்பா விட்டுட்டாரு. பள்ளிக்கூடத்துல கேட்டப்ப அலுமாரியில இருந்ததைத்தான் குடுத்தோம்."

ஏழு வயசாகியும் ஏன் இத்துனூண்டு இருக்கன்னு ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கேட்டது ஞாபகம் வந்துச்சு. ஐடென்டிட்டி கார்ட், பரீட்சை எழுதுனது, போன வருஷம் வாங்குன கப்பு, எல்லாம் செத்துப்போன பிள்ளை கணக்குல போயிருக்கு.

"அப்ப நான் எப்பம்மா பொறந்தேன்?"

"கண்டிப் பெரஹரா திருவிழா முடிஞ்ச மறுநாளு. தேதி ஞாபகமில்லய்யா."

வருஷா வருஷம் மார்ச் பதினாலாம் தேதி, என் பொறந்தநாள்னு அம்மா எனக்குக் கேசரி கிண்டும். எனக்குக் குடுக்க முன்னாடி ஒரு கரண்டி எடுத்து இலையில தனியா வைக்கும். கண்ணு கலங்கியிருக்கும். அடுப்புப் புகைன்னு நினைச்சுக்குவேன், இலையில இருக்கிறது சாமிக்குன்னு நினைச்சுக்குவேன். அந்தத் தேதிக்காகத்தான் பதினாலாம் நம்பர் ஜேர்சி வேணும்னு டீம்ல சண்டை போட்டு வாங்கினேன்.

விஷயத்தை ரஸீன் நானாகிட்டச் சொல்லிட்டேன். திங்கட்கிழமை என் இடத்துல வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டான். அன்னைக்கு ரஸீன் நானா எனக்குப் போன் எடுத்தாரு. "உனக்குப் புதுசாப் பிறப்புப் பதிவைப் போடு. அடுத்த பெரஹராவோட பதினெட்டாகிரும், அப்புறம் கேட்டுப் பாப்பம். உள்ளூர் மேட்ச்சுக்குப் புது ஜேர்சி அடிக்கிறோம். தேதிதான் உன்னோடது இல்லையே, நம்பரை மாத்தவா?"

கதவுகிட்ட அம்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு. அம்மாகூட நான் மூணு நாளாப் பேசல.

"வேணாம் நானா. பதினாலே இருக்கட்டும்"னேன்.

அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ளே போயிருச்சு. நான் பின்னாடி போகல.