மூன்றரை மணி விளக்குமாறு

காலை ஆறேகாலுக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும், இரவுப் பணி முடித்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எதிரிலிருந்த கெஸியாவின் தேநீர்க்கடைக்குள் நுழைந்தார்கள். ஓவேலி மலையின்மேல் ஆடி மாதத்து மழை பதினோராவது நாளாகப் படுத்துக் கிடந்தது. இரவெல்லாம் இயந்திரங்களுக்கிடையே நின்ற கால்கள் ஓய்வு கேட்டன, நாக்குகள் கேட்கவில்லை. சிவகுரு நேற்று என்ன சொன்னான் என்பதைப் பேசித் தீர்க்காமல் ஒருவருக்கும் உறக்கம் வராது.

சிவகுருவின் முகத்தை அவர்களில் எவரும் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் ஒரு வானொலி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, இரவு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, ‘இருட்டுக்கு அந்தப் பக்கம்’ என்னும் நிகழ்ச்சியை நடத்துபவன் அவன். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தாங்கள் கண்ட பேயையும் கேட்ட ஓலத்தையும் சொல்வார்கள். அவன் நடுவில் மூச்சைத் தாழ்த்தி, “அப்புறம்?” என்பான். அந்த ஒரு சொல் போதும். சொல்ல வந்தவர் தாம் காணாத இரண்டு ஆவிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

“அந்தாளு ராத்திரிக்குத்தான் பேய் பேசுறான். பகல்ல பல்வலி மருந்து விளம்பரத்துல பேசுறதும் அவன்தான். கொரல் எனக்குத் தெரியாதா?” என்றாள் கெஸியா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

“பல்லு வலிச்சாலும் பேய் வந்தாலும் ராத்திரிதானே சேச்சி தூக்கம் போகுது? ரெண்டும் ஒரே தொழில்தான்,” என்றான் நெல்சன். கூடலூர்க்காரன், கொழுந்து ஏற்றும் லாரியின் ஓட்டுநர். “அவரு பேயை நம்புறாரா இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்.”

“நம்புறவன் நடுராத்திரியில தனியா ஒரு ரூம்ல உக்காந்து பேசுவானா?”

கடையின் மூலையில், மின்விளக்கையும் தடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆறுக்குட்டி இவற்றில் எதற்கும் சிரிக்கவில்லை. தோட்டத்தின் இரவுக் காவலர் அவர். வயது ஐம்பத்தொன்பது. மழைக்காலத்தில் அவருடைய வலது முழங்கால் அவருக்கு முன்பே களைத்துவிடும். இந்தத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அப்போது தரணிதரன் ஓட்டமாக வந்து சேர்ந்தான். இலை உலர்த்தும் இயந்திரத்தைக் கவனிக்கும் இளைஞன். சிவகுருவின் பரம பக்தன்.

“ஏனுங்க, கேட்டீங்களா? நம்ம எஸ்டேட்டு ரேடியோவுல வந்துருச்சுங்க!”

“யாரோ ராஜான்னு ஒருத்தன் பேசினான். கேட்டோம்,” என்றான் நெல்சன்.

“அந்த ராஜா நான்தானுங்க!”

கடை முழுவதும் சிரித்தது. “கொட்டாங்கச்சிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு. நீதானா அது?” என்றாள் கெஸியா.

அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. “நெசமாத்தானுங்க அக்கா. போன வாரம் லீவுல இருந்தப்ப என் காதால கேட்டேன். மேல் லைன்ல ஒம்பதாம் நம்பர் ஊடு. எஸ்டேட் பூட்டுத் தொங்குது. விடியக்காலம் மூணரைக்கு உள்ளாற ஆரோ கூட்டறாங்க. சர்ரக், சர்ரக், சர்ரக்குன்னு.”

“காத்தாயி கெழவி அந்த வீட்டுலதானே இருந்துச்சு முன்னாடி?” என்றான் நெல்சன்.

“அது செத்தது கூடலூர் ஆஸ்பத்திரியில.”

“ஆவிக்குப் பஸ் கிடைக்காதா சேச்சி?”

மறுபடியும் சிரிப்பு. கெஸியா ஆறுக்குட்டியின் பக்கம் திரும்பினாள். “ராத்திரி முழுக்கச் சுத்துறது நீங்கதானே அண்ணா. உங்க காதுல விழலையா?”

“மழைச் சத்தத்துல என்னங்க கேக்கும்?” என்றார் அவர். தேநீர் ஆறிப்போயிருந்தது.

அவருக்குள் கோபம் ஒன்று புகைந்தது. சென்ற மாதம் கீழ்ப்பிரிவில் யானை ஒருவனை மிதித்துக் கொன்றது. அவன் பெயரை எந்த வானொலியும் சொல்லவில்லை, எவரும் அழைத்து, “அப்புறம்?” என்று கேட்கவில்லை. கண்ணெதிரே நிற்கும் யானைக்குப் பழகிப்போனவர்கள், ஒரு விளக்குமாற்றின் ஓசைக்கு நடுங்கி மகிழ்கிறார்கள்.

“இன்னும் சொல்லி முடிக்கலீங்க,” என்றான் தரணிதரன். “நிகழ்ச்சி முடிஞ்சதும் அவங்க ஆபீசுல இருந்து கூப்பிட்டாங்க. சனிக்கிழமை ராத்திரி சிவகுருவே வர்றாருங்க! அந்த ஊட்டுக்குள்ள மைக் வெச்சு நேரடி ஒலிபரப்பு. மேனேஜர்கிட்ட அவங்களே பேசி, சரின்னு வாங்கிட்டாங்க. சாவி உங்ககிட்டத்தானுங்களே அண்ணா? தொறந்து மட்டும் குடுத்துப் போடுங்க.”

ஆறுக்குட்டி தம்ளரைக் கீழே வைத்தார். அன்று வியாழக்கிழமை.

ஒன்பதாம் வீட்டுக்குள் பேய் இல்லை, மூக்கம்மா இருந்தாள். அதை அறிந்தவர் ஆறுக்குட்டி ஒருவரே.

அந்த வீட்டில் இருந்து கொழுந்து பறித்துவந்த அவளுக்கு வைகாசியில் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். காவலர் அதில் தோட்டத்துப் பூட்டைப் போட்டு, அடுத்த தொழிலாளிக்கு ஒதுக்கப்படும் வரை சாவியை வைத்திருக்க வேண்டும். இப்படி நாற்பது வீடுகளையாவது ஆறுக்குட்டி பூட்டியிருப்பார். மூக்கம்மாவுக்கென்று, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு கட்டித் தரும் குடியிருப்பில் ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கு சுவர்கள் எழும்பியிருந்தன, மேல்தளம் இல்லை. மழை விட்டால்தான் தளம் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மகளோ திருப்பூரில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தாள். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறுக்குட்டி நின்றபோது, “மழைக்குள்ள எங்க தம்பி போறது?” என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் முன்வாசலைப் பூட்டினார். பின்புறம் குளியலறைக் கதவின் தாழை நீக்கி வைத்துவிட்டு வந்தார். அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

அன்று முதல் மூக்கம்மா விளக்கேற்றுவதில்லை. புகை பனியோடு கலந்துபோகட்டும் என்று இரவு இரண்டு மணிக்குச் சமைத்தாள். எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டவளால் ஒன்றை மட்டும் அடக்க முடியவில்லை.

அன்றிரவு ஆறுக்குட்டி குளியலறைக் கதவருகே நின்று, தணிந்த குரலில் செய்தியைச் சொன்னார். இருட்டுக்குள்ளிருந்து மூக்கம்மாவின் குரல் வந்தது.

“நான் கூட்டாம இருக்கப் பாக்கலியா தம்பி? நேத்து வெளக்குமாத்தக் கட்டிப் பரண்ல போட்டுட்டுத்தான் படுத்தேன். விடிஞ்சு பாத்தா கையில இருக்கு. ஏறி எடுத்திருக்கேன்.”

“மூணரைக்கே எதுக்குங்க அக்கா? எழுப்பற சங்கு அஞ்சரைக்குத்தானே?”

“இது இப்பத்த சங்கு. எங்க காலத்துல எட்டாம் நம்பர் மலைக்கு விடியமுன்னப் பெரட்டு. பேரு கூப்பிடுறப்ப அங்க நிக்கணும். வாசக் கூட்டாமப் பெரட்டுக்குப் போனா அன்னிக்குக் கூடை நெறையாதுன்னு எங்கம்மா சொல்லும். கண்டி லயத்துலயும் அப்பிடித்தான், இங்கயும் அப்பிடித்தான். நாப்பத்தொரு வருசம் தம்பி. பேரத்தான் அடிச்சிட்டாங்க. கைக்கு அது தெரியல்ல.”

ஆறுக்குட்டிக்கு அவளைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. கடிந்துகொள்ளவும் தெம்பு வேண்டும்.

“சனிக்கிழமைக்கு முன்ன நான் போயிர்றேன்,” என்றாள் அவள். “உன் வேலைக்கு வினை வரப்படாது. சொவரு இருக்கில்ல, ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்குவேன்.”

அந்தக் குடியிருப்பு யானைகளின் வழித்தடத்துக்கு நூறடி தள்ளியிருந்தது. கதவும் இல்லை. “அதெல்லாம் வேண்டாமுங்க. படுங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு, காவல் குடிசையில் ஈரச் சாக்கின்மேல் உட்கார்ந்து, ஆறுக்குட்டி சிவகுருவின் எண்ணை அழைத்தார். இருபத்தைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார். ஒரு பெண் தன் கணவனின் முதல் மனைவி கண்ணாடியில் தெரிவதாகச் சொல்லி அழுதாள். அவளுக்கு நல்லதாக ஒரு சொல் சொல்லாமல், சிவகுரு, “அப்புறம்?” என்றான்.

பிறகு அந்தக் குரல் இவர் காதுக்குள் வந்தது. “வணக்கம். இருட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுவது யார்?”

“வணக்கமுங்க. என்ற பேரு ஆறுக்குட்டி. அந்த ஒம்பதாம் நம்பர் ஊடு இருக்கற எஸ்டேட்டுல வாச்மேனுங்க. அங்க கூட்டறது பேய் இல்லீங்க, நான்தானுங்க.”



“நீங்களா? விடியற்காலை மூன்றரை மணிக்கு? ஆளில்லாத வீட்டையா?”

“ஆளில்லாத ஊடுன்னா குப்பை சேராதுங்களா? நாளைக்கு ஒருத்தர் குடிவர்ற ஊடுதானுங்களே. ரவுண்டு முடிஞ்சு அந்நேரத்துக்குத்தான் அங்க போய்ச் சேருவனுங்க.”

“ஐயா, நன்றாக நினைத்துப் பாருங்கள். அங்கே கூட்டிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பின்னால் யாரோ நிற்பதுபோல எப்போதாவது தோன்றியதுண்டா? கழுத்தில் குளிர்ந்த மூச்சுப் படுவதுபோல?”

“இல்லீங்க. முட்டி வலிக்கும். அவ்வளவுதானுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லீங்க.”

பல்வலி மருந்தின் விளம்பரம் ஒலித்தது.

சனிக்கிழமை காலையில் தேநீர்க்கடை அவரைச் சூழ்ந்துகொண்டது. “நல்லா இருந்த ஒரு பேயையும் கெடுத்துப்போட்டீங்களே சேட்டா!” என்றான் நெல்சன். “முட்டி வலிக்குமாம்!” என்று கெஸியா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தரணிதரன் மட்டும் தனியே உட்கார்ந்திருந்தான். வானொலிக்காரர்கள் வரப்போவதில்லை, விளக்கம் கிடைத்துவிட்ட கதை தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் தலையைத் தூக்கி, “பொய் சொல்றீங்க அண்ணா. சத்தம் உள்ளாற இருந்து வந்துச்சு. இன்னிக்கு ராத்திரி லீவு போட்டுட்டு நானே வந்து பாக்கறனுங்க,” என்றான்.

சொன்ன பொய்யை மெய்யாக்குவதைத் தவிர ஆறுக்குட்டிக்கு வேறு வழியில்லை. அன்றிரவு மூன்றரை மணிக்கு, கையில் ஒரு விளக்குமாற்றுடன் ஒன்பதாம் வீட்டு வாசலில் நின்றார். ஈரமண்ணில் குனிந்து கூட்டத் தொடங்கினார். நாலைந்து இழுப்புக்குள் உள்ளேயும் ஓசை எழுந்தது. அவர் இழுக்கும்போது இழுத்து, நிறுத்தும்போது நிறுத்தி, அவருடைய ஓசைக்குள்ளேயே தன் ஓசையை மறைத்துக்கொண்டு மூக்கம்மா கூட்டினாள்.

படியோரத்தில் ஒரு வெளிச்சம் அசைந்தது. தரணிதரன் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறுக்குட்டி அவனைப் பார்த்தார், நிறுத்தாமல் கூட்டினார். முழங்கால்தான் நிறுத்தியது. சுளீரென்று ஒரு வலி பிடித்து, அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

உள்ளே விளக்குமாறு மூன்று இழுப்புகள் தனியே போயிற்று. பிறகு நின்றது. பின்பு, அடக்க முடியாத ஒரு கிழட்டு இருமல்.

தரணிதரன் அந்த இருமலை அறிந்தவன். மேல் லைனில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் பால்வாடிக்கு அழைத்துப் போகும்போது வழிநெடுக இருமிக்கொண்டே வந்தவள் மூக்கம்மாதான். அவன் கைப்பேசியின் வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கியது. அவன் வந்த வழியே திரும்பினான்.

காலையில் நெல்சன் விடவில்லை. “என்னாச்சு ராஜா? போனியா?”

“போனனுங்க.”

“ரெக்கார்டு பண்ணினியா?”

“போன் நனைஞ்சு போச்சு. அண்ணன்தான் கூட்டறாரு. வேற ஒண்ணுமில்ல.”

“அப்படின்னா நீ கேட்டது?”

“அதான் சொல்றனுங்களே. ஒண்ணுமில்ல.”

நெல்சன் உதட்டைப் பிதுக்கிவிட்டு லாரிக்குப் போனான். அடுத்து யாரோ கண்ணாடியில் தெரியும் முதல் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். கடை அங்கே திரும்பிக்கொண்டது.

தரணிதரன் தன் தம்ளரை எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்து, ஆறுக்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். 

“எத்தனை நாளைக்குங்க அண்ணா?”

“மழை விடோணும். விட்டாத்தான் தளம் போடுவாங்க. போட்டுப்போட்டு இருபது நாளாச்சும் தண்ணி ஊத்தோணும்.”

“அது வரைக்கும் தெனமும் நீங்க கூட்டோணுமா?”

ஆறுக்குட்டி முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல நீட்டினார்.

“பின்ன? ரேடியோவுல சொல்லிப்போட்டனே.”