மைக்கில் சொன்ன முதல் வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: என் வாயிலிருந்து. நான் இன்னாசி. ஜெகதாப்பட்டினத்தில் மீனவர் சங்க மாடியில் மைக் பிடிப்பவன். கதையும் எழுதுவேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது...'

(அடித்துவிட்டேன். பழியை வானத்தின் மேல் போடப் பார்க்கிறேன்.)

இரண்டாவது: 'யாரோ ஒருவர் மைக்கை எடுத்து—'

யாரோ ஒருவராம்!

2

பிற்பகல் மூன்று மணி. கடலுக்கு மேலே மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று இறங்கி, சுழன்றபடி கரையைப் பார்த்து வந்தது. மைக்கைப் போட்டேன்.

"கடலுக்குப் போனவங்க வீட்டாளுங்க கவனிங்க..."

அடுத்து, 'யாரும் கரைப்பக்கம் வராதீங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். கரண்ட் போய்விட்டது.

[குறிப்பு: எங்கள் ஊரில் அந்த முதல் வரிக்கு ஒரே அர்த்தம்தான். நடுக்கடலில் இலங்கை நேவிக்காரர்கள் படகைப் பிடித்துவிட்டார்கள். இனி பெயர்களை வாசிப்பேன். அதைக் கேட்டாலே பெண்கள் கரைக்கு ஓடிவருவார்கள். பல வருஷமாக அப்படியே ஆரம்பித்து எனக்கு வாய் பழகிவிட்டது.]

அன்றைக்கும் ஓடிவந்தார்கள்.

"வராதீங்க! அங்கிட்டு போங்க!" என்று மாடியிலிருந்து கத்தினேன். காற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் பவுசியா, கடலுக்குப் போயிருந்த விசைப்படகு டிரைவர் உமர் பாரூக்கின் மனைவி. ஐஸ் பிளான்ட்டின் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு எழும்பியது. அவள்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.)

நாலே நிமிஷம். நாற்பது வீடுகளுக்குக் கூரை இல்லை. விசைப்படகு ஒன்று ரோட்டில் கிடந்தது. செத்தது மூன்று பேர். மூவரும் பெண்கள்.

3

பவுசியா பிழைத்துக்கொள்வதாக ஒரு முடிவு எழுதினேன். ஆசை யாரை விட்டது? ஆனால் அவள் அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

பாரூக் மறுநாள் கரை திரும்பினார், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். போன வாரம் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கரண்ட் போனதுக்கு நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? அன்னைக்குக் கடலுக்குப் போகாதீங்கன்னு அவ சொன்னா, நாந்தான் கேக்கல. என்னயத் தேடித்தானே ஓடியாந்திருக்கா. நாந்தான் அவளக் கொன்னுட்டேன்."

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

4

இன்று சொல்லிவிடுவதென்று அவரை வரச் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போவதற்குள் ஒரு வரிக்கு நேரம் இருந்தது, அதில் நான் பழக்கத்தைச் சொன்னேன், ஆபத்தைச் சொல்லவில்லை என்று. எப்படி ஆரம்பிப்பது? 'பாரூக், அன்னைக்கு நான்...' 'தம்பி, ஒன் மேல தப்பு...'

என் முதல் வரிகளை நான் இனி நம்பமாட்டேன். நீங்கள் ஒன்று சொல்லுங்கள்.

கீழே அவர் பைக் வந்து நிற்கிறது. படியேறி வருவதற்குள் ஒரு வரிக்குத்தான் நேரம்.