நேரத்துக்கு வந்த நிழல்

வெள்ளிக்கிழமை மாலை வர வேண்டிய வெளிநாட்டு விமானத்தின் நிழல் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து இறங்கியது. ஓடுபாதையில் கருப்பாக வழுக்கி வந்து, வழக்கமான இடத்தில் நின்று, கதவைத் திறந்தது. விமானமோ இன்ஜின் கோளாறால் நடுவழி ஊர் ஒன்றில் நின்றுகொண்டிருந்தது. பயணிகளின் நிழல்கள் பெட்டிகளின் நிழல்களை இழுத்துக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன. வரவேற்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு நடையையும் தொப்பையையும் வைத்து அவரவர் ஆளை அடையாளம் கண்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்ததைப் பார்த்துத் தன் கணவனின் நிழலைக் கண்டுபிடித்தாள். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்காக இருப்பவன். "என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்டாள். நிழல் பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தது. வீட்டில் அது சோபாவில் ஓரமாகப் படுத்துக்கொண்டது. குறட்டை இல்லை, சாப்பாட்டில் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை இந்தத் தடவை அடக்கமாக வந்திருக்கிறான் என்று மாமியாருக்குப் பரம திருப்தி.

சற்று நேரத்தில் மெக்கானிக்கே போன் செய்தான். "நான் இங்க பட்டினியா பெஞ்சுல கெடக்கேன். ரூம் கேட்டா, நீங்கதான் ஊர் போய்ச் சேந்தாச்சேங்கறான்!" விதி என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. விமானம் இவ்வளவு தாமதமானால் விமானக் கம்பெனி சாப்பாடு போட வேண்டும், படுக்க இடம் தர வேண்டும், கேட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் போய்ச்சேரும் ஊரில் கதவு திறந்ததும் பயணம் முடிந்ததாகக் கணக்கு. கதவு திறந்தாகிவிட்டது, உறவினர்களும் ஆளை அழைத்துப் போய்விட்டார்கள். ஆகவே தாமதமே இல்லை என்றது கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவன் அவன். "நிழலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் கழுத்த நீட்ட மாட்டேன் அண்ணி. அண்ணன் ஆளா வரணும்" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மனைவி நிழலைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாள். கவுன்டர் பெண், "அழைச்சிட்டுப் போனத திருப்பி எடுத்துக்க மாட்டோம் மேடம்" என்றாள்.

"இதென்ன புடவையா? புருஷன்மா!"

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் பரவி மற்றக் குடும்பங்களும் தங்கள் நிழல்களோடு வந்து சேர்ந்தன. மதியத்துக்குள் கூடத்தின் தரை முழுக்க நிழல். துடைப்பவர்களுக்கு எது அழுக்கு, எது பயணி என்று தெரியவில்லை. மிதித்துவிட்டவர்கள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நகர்ந்தார்கள். பொறுமையிழந்த மேலாளர் எல்லா விளக்குகளையும் போடச் சொன்னார். போதாதென்று ஓடுபாதையிலிருந்து பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து நாலா பக்கமும் வைக்கச் சொன்னார். நிழல்கள் சத்தமில்லாமல் மறைந்தன. பழகிவிட்ட சிலர் குனிந்து வெறும் தரையைத் தடவிப் பார்த்தார்கள். மனைவிதான் எழுந்து நின்று, "சரி சார், வந்து சேந்தவங்க இப்ப எங்க?" என்று கேட்டாள். மேலாளர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அறிவிப்புப் பலகையில் 'வந்துவிட்டது' அழிந்து 'தாமதம்' வந்தது. அவரே மாற்றினார் என்கிறார்கள், தானாக மாறியது என்கிறார்கள், இரண்டும் நடந்திருக்கலாம்.

அதன்பின் எல்லாம் விதிப்படி நடந்தது. நடுவழி ஊரில் மெக்கானிக்குக்குச் சூடாகச் சாப்பாடு வந்தது, கட்டில் வந்தது, வேறு கம்பெனி விமானத்தில் ஜன்னலோர இருக்கையும் வந்தது. ஞாயிறு காலை தலைகூட வாராமல் மண்டபத்துக்குள் ஓடிவந்து தங்கை பக்கத்தில் நின்றான். அவள் வெயில் விழுந்த தரையைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, உன் நிழல் எங்க?"

"எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சாம்."

அவள் சிரித்தாள், கல்யாணம் நடந்தது. அவன் எங்கே நின்றாலும் யார் முகத்திலும் நிழல் விழாது என்பதால் புகைப்படக்காரர் அவனை வெளிச்சம் வரும் ஜன்னலை மறைத்தபடி நிற்க வைத்தார். இப்போதும் அந்தக் குடும்பத்தின் படங்களில் அவனுக்கு அதே இடம்தான்.